சொன்னவர் பெயர் வேண்டும்

அகராதி அலுவலகத்தில் அவளைச் 'சீட்டக்கா' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள், சாப்பாட்டு இடைவேளையில் சீட்டாடுகிற பெண்மணி போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரே வாரத்தில் தெளிந்துவிடும். சுவரை மறைத்து நிற்கும் நானூறு மர இழுப்பறைகளில் லட்சக்கணக்கான அட்டைச் சீட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு சொல், அதை வைத்து யாரோ நிஜமாகவே பேசிய அல்லது எழுதிய ஒரு வாக்கியம், சொன்னவர் பெயர், இடம், தேதி, சந்தர்ப்பம். முப்பத்தொரு வருஷமாக அவற்றை எழுதி, அடுக்கி, தூசி தட்டிக் காவல் காக்கிறவள் அவள். விரல் நுனியில் எப்போதும் பசை காய்ந்திருக்கும். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு அறை முழுக்க அதைத் தேடுவாள்.

அந்த அலுவலகத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். சீட்டு இல்லாமல் அர்த்தம் கிடையாது. எவ்வளவு பெரிய படிப்பாளியாக இருந்தாலும் சரி, ஒரு சொல்லுக்குப் புது அர்த்தம் சேர்க்க வேண்டுமென்றால் அவள் மேஜைக்கு வந்தாக வேண்டும். "யார் சொன்னாங்க?" என்பாள். "பொதுவா எல்லாரும் சொல்றதுதான்..." என்று இழுத்தால் வந்த வழியே அனுப்பிவிடுவாள். நம்பர் போட்டு உள்ளே போன சீட்டைப் பிறகு யாரும் கிழிக்கவும் முடியாது.

அம்மா போனபோது தம்பிக்கு ஏழு வயசு. அவனை வளர்த்து ஆளாக்குவதிலேயே தன் கல்யாணம் அவளுக்கு மறந்துபோயிற்று. நினைவு வந்தபோது அதற்கு அவசியம் இருப்பதாகத் தோன்றவில்லை. தம்பிக்குக் குடிதண்ணீர் நிலையத்தின் சோதனைக்கூடத்தில் வேலை. தெற்குப் பகுதிக் குழாய்களில் சாக்கடை கலக்கிறது என்று மூன்று முறை மேலே எழுதினான். மூன்றும் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தன. நாலாவது முறை அவன் மேலே எழுதவில்லை. 'இந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள்' என்று தாளில் எழுதி, கீழே தன் பெயரையும் போட்டு, தெற்கே இருக்கும் நாற்பது தெருக்குழாய்களிலும் ஒட்டிவிட்டு வந்தான். பசை அக்காவினுடையது.

மறுநாளே அவனை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். தண்ணீர் சுத்தமாகத்தான் இருந்தது என்றா சொன்னார்கள்? அதைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. 'நாட்டுப்பற்று இல்லாமல் நடந்துகொண்டார்' என்று கடிதத்தில் குற்றம் சாட்டி, விசாரணைக்கு நாள் குறித்தார்கள்! வீட்டுக்கு வீடு பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கும்போது இவர்களுக்கு நாட்டுப்பற்று நினைவுக்கு வந்துவிட்டது. கடிதத்தைப் படித்த சீட்டக்காவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"விடு அக்கா, வேற வேலை தேடிக்கறேன்" என்றான் தம்பி.

"வேலை போனா போகுதுடா. இந்தப் பேரோட போகக் கூடாது."

விசாரணைக்குப் பத்து நாள் இருக்கும்போது விசாரணைக் குழுவிடமிருந்து அகராதி அலுவலகத்துக்கே ஒரு கடிதம் வந்தது. நாட்டுப்பற்று என்ற சொல்லின் பிறப்பையும் பொருளையும், சான்றுச் சீட்டுகளின் நகல்களோடு உடனே அனுப்பவும். குற்றம் சாட்டியாகிவிட்டது, அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்லத்தான் அங்கே ஆளில்லை!

சீட்டக்கா இழுப்பறையை உருவினாள். பற்று என்றால் பிடித்தல். கை கிளையைப் பற்றும். தீ விறகைப் பற்றும். கழுவாத பால் பாத்திரத்தில் காய்ந்துபோய், தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்தாலும் போகாமல் இருக்கிறதே, அதுவும் பற்றுதான். நாட்டின் மேல் அப்படி விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் அன்பு என்று பழைய பதிப்பில் போட்டிருந்தது. அதற்கு அறுபத்திரண்டு சீட்டுகள். ஒன்று விடாமல் படித்தாள். மேடைப் பேச்சுகள் ஏழெட்டு இருந்தன. மற்றதெல்லாம் சண்டை! தெருவிளக்கு எரியவில்லை என்று பத்திரிகைக்கு எழுதிய ஒரு தையல்காரி. பாலத்துக்குக் கலந்த சிமெண்டில் பாதி மண் என்று புகார் கொடுத்த ஒரு கொத்தனார். 'நாட்டுப்பற்று இருப்பதால்தான் எழுதுகிறேன், இல்லாவிட்டால் எனக்கென்ன என்று போயிருப்பேன்' என்று அவர் எழுதியிருந்தார். முப்பத்தொரு வருஷத்தில் அந்தச் சீட்டுகளை அவள் சேர்த்துப் படித்ததே இல்லை. கண் கலங்கிவிட்டது.

மாலையில் புதிய பொறுப்பாசிரியர் வந்தார். அந்த நாற்காலிக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. ஒரு தாளை நீட்டினார். 'நாட்டுப்பற்று: நாட்டை நிர்வகிப்போர் செய்வதைக் குறை கூறாமல் ஏற்கும் குணம்.'

"இதையே அனுப்பிடுங்க" என்றார்.

"சீட்டு எங்க சார்?"

"நீங்களே நாலு சீட்டு எழுதிக்குங்களேன். உங்களுக்குக் கைவந்த கலைதானே?"

சீட்டக்காவுக்குச் சுருக்கென்றது. முப்பத்தொரு வருஷ உழைப்பைப் பார்த்துப் பொய்ச் சீட்டு எழுது என்கிறாரே இந்த மனுஷன்!

"யாரும் சொல்லாததை நான் எழுத மாட்டேன் சார்."

"உங்க தம்பிக்காகத்தானே இவ்வளவு பிடிவாதம்? எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

"ஆமா, தம்பிக்காகவும்தான். அதுக்காக இருக்கற சட்டத்தை நான் மாத்தலையே. மாத்தச் சொல்றது நீங்க."

"சரிம்மா. நானே சொல்றேன்னு வச்சுக்குங்க. போதுமா?"

"தாராளமா போதும்" என்று புது அட்டை ஒன்றை எடுத்தாள். அவர் வாக்கியத்தை எழுத்து மாறாமல் எழுதினாள். இடம், இந்த அறை. தேதி போட்டாள். சந்தர்ப்பம் என்ற இடத்தில், 'தண்ணீர் கெட்டிருக்கிறது என்று ஊருக்குச் சொன்னவனைத் தண்டிப்பதற்காகச் சொல்லப்பட்டது' என்று நிறுத்தி நிதானமாக எழுதி, அட்டையை அவர் பக்கம் திருப்பினாள்.

"சொன்னவர் பெயர்ங்கற இடத்துல கையெழுத்துப் போடுங்க சார். நகல் விசாரணைக்குப் போகும். இது இங்கயே இருக்கும். நீங்களும் நானும் போன பிறகும் இருக்கும்."

அவர் பேனாவைத் தொடவில்லை. "என் பேர் எதுக்கு? இது மேலிடத்துல சொன்னது."

"மேலிடத்துல யாரு?"

அவர் தன் தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"என் தம்பி நாற்பது குழாய்லயும் பேர் போட்டுத்தான் சார் ஒட்டினான். உங்களுக்கு ஒரு அட்டையில போடக் கை வரலையா?"

பொறுப்பாசிரியர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலையில் பழைய அர்த்தமும் அறுபத்திரண்டு சீட்டுகளின் நகல்களும் விசாரணைக்குப் போயின. அன்று பகலே சீட்டக்காவைப் பழைய தாள் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

விசாரணையில் குழுத் தலைவர் சீட்டுகளை வாய்விட்டு வாசித்தாராம். கொத்தனார் சீட்டு வந்ததும் போதும் என்று கீழே வைத்துவிட்டாராம். நாட்டுப்பற்று இல்லாதவன் என்ற குற்றச்சாட்டை எடுத்துவிட்டார்கள். சும்மா விட மனசு வருமா? அனுமதியில்லாமல் குழாய்களில் பசை தடவியதற்கு ஒரு மாதச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு தம்பியைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

தெற்குக் குழாய்களில் இன்னும் அதே தண்ணீர்தான் வந்தது. ஒட்டிய தாள்கள் மழையில் கரைந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பி சமையலறைக்குள் வந்தபோது அக்கா அடுப்பில் பசை கிண்டிக்கொண்டிருந்தாள். மேஜைமேல் நாற்பது தாள்கள், அவளுடைய சீட்டு எழுத்தில். ஒவ்வொன்றின் அடியிலும் அவள் பெயர் இருந்தது.

"என்னக்கா இது?" என்றான்.

"உன் பேருக்கும் இடம் விட்டிருக்கேன். பேனாவை எடு" என்றாள்.