போயிட்டு வரேன்

என் அக்கா மகள் மலர் ஜெர்மனியிலேயே பிறந்து வளர்ந்தவள். போன மாசியில் அரியலூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அப்போது கல்லங்குறிச்சியில் என் சிநேகிதியின் கணவர் இறந்துபோனார். நான் துக்கம் கேட்கக் கிளம்பியதும் தானும் வருவதாகச் சொன்னாள்.

"வா. ஆனா அங்க வாயத் தொறக்காத. ஏதாச்சும் ஏடாகூடமா சொல்லிடுவ" என்று பஸ்ஸிலேயே எச்சரித்தேன். தலையாட்டினாள்.

சிநேகிதியைக் கட்டிக்கொண்டு அரை மணி நேரம் அழுதேன். எழுந்து வாசலுக்கு வந்தவள், பழக்க தோஷத்தில் திரும்பி, "போயிட்டு வரேன்" என்றேன். சாவு வீட்டில் யாரும் சொல்லக் கூடாத வார்த்தை அது. உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்கு உடம்பே கூசிப்போயிற்று.

மலர் சிநேகிதியின் கையை ஒருமுறை அழுத்திப் பிடித்தாள். பிறகு ஒரு வார்த்தையும் சொல்லாமல் வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

திரும்பும்போது கேட்டேன். "சொல்லிக்காம வரணும்னு ஒனக்கு யாருடி சொன்னா?"

"வாரா வாரம் போன்ல நீங்க பேசுறத எல்லாம் எழுதி வச்சுப்பேன் சித்தி. இல்லன்னா அங்க எனக்குத் தமிழ் மறந்துடும்" என்று தன் போனை நீட்டினாள்.

பக்கம் பக்கமாகத் தமிழில் குறிப்புகள். நடுவில் ஒரு வரி: துக்க வீட்டில் போயிட்டு வரேன் சொல்லக் கூடாது. தாத்தா இறந்தப்ப ஒரு அம்மா சொல்லிட்டாங்க, சித்தி திட்டினாங்க.

நான் திட்டியது எனக்கே மறந்திருந்தது.

யாரைப் பார்த்து வாயைத் திறக்காதே என்றேன்!