போர்டில் பழைய விலை

சினிமாவில் கதாநாயகன் கார் ஓட்டிக்கொண்டு போனால் ஊரெல்லாம் கதாநாயகனைப் பார்க்கும். ராமதாஸ் மட்டும் பின்னால் பெட்ரோல் பங்க் ஏதாவது வருகிறதா என்று பார்ப்பார். பங்க் வந்தால் விலை எழுதிய போர்டு தெரிகிறதா என்று பார்ப்பார். தெரிந்துவிட்டதோ, தீர்ந்தது கதை. "எட்டு ரூபாடா! நம்ம பொண்ணு சிநேகா பொறந்தப்போ இருந்த வெல!" என்று ஒரு கூப்பாடு. திரையில் கதாநாயகனின் தாயார் கடைசி மூச்சை விட்டுக்கொண்டிருந்தாலும் அவருக்கு அதைப் பற்றிக் கவலை கிடையாது.

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற சாலையில் ஒரு பங்கில் அவருக்கு வேலை. அவருடைய அப்பா ஊரார் நிலத்தில் நடவும் அறுப்புமாகக் காலம் தள்ளியவர். மகன் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு கார்க்காரர்களுக்குப் பெட்ரோல் அடிப்பதில் அந்த வீட்டுக்குக் கொஞ்சம் பெருமைதான். மலைக்கோயில் கழுகைப் பார்க்க வருகிறவர்கள் வண்டியை நிறுத்தி, "இன்னிக்குக் கழுகு வந்துதா?" என்று அவரைக் கேட்பார்கள். கழுகு என்னவோ இவரிடம் சொல்லிக்கொண்டு வருவது போல. ராமதாஸும் சளைக்காமல், "இப்பதான் பறந்து போச்சு, நாளிக்கு வாங்க" என்பார்.

பெட்ரோல் விலை அப்போதெல்லாம் நினைத்த நேரத்தில் ஏறாது. சர்க்கார் ஏற்றினால் செய்தியில் சொல்வார்கள். அப்புறம் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ அதே விலைதான். அதனால் பங்க் முதலாளி போர்டில் விலையைச் சாக்பீஸால் எழுதாமல் வெள்ளைப் பெயிண்டால் எழுதச் சொல்லியிருந்தார். ராமதாஸுக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆறு எழுதினால் மட்டும் வயிறு கொஞ்சம் பெருத்துவிடும். கூட வேலை பார்த்த கேசவன், "அண்ணாத்த, உன் ஆறு புள்ளத்தாச்சி கணக்கா கீதே" என்று கிண்டல் செய்வான். ராமதாஸ் சிரித்துக்கொள்வாரே தவிர, ஆறை மாற்ற மாட்டார்.

தொண்ணூற்றைந்தில் அந்தப் பங்குக்கு ஷூட்டிங் வந்தது. மாமல்லபுரத்துக்குச் சினிமாக்காரர்கள் வருவது புதிதல்ல; ஆனால் பங்குக்கு வந்தது அதுதான் முதல் தடவை. கதாநாயகன் காரை நிறுத்திப் பெட்ரோல் போடுவான், எதிரே கதாநாயகி வருவாள், கண்ணும் கண்ணும் முட்டிக்கொள்ளும், உடனே கடற்கரையில் பாட்டு. அவ்வளவுதான் காட்சி.

அந்த நேரம் பார்த்து ராமதாஸின் மனைவி வரலட்சுமி அவருக்குச் சோற்றுத் தூக்கோடு வந்துசேர்ந்தாள். மயில்கழுத்துக் கலர் சேலை. பொங்கலுக்கு அவள் அண்ணன் எடுத்துக் கொடுத்தது. துணை டைரக்டர் ஒருவன் அவளைப் பார்த்துவிட்டு, "அம்மா, அந்தப் புளியமரத்துலேர்ந்து இந்தத் தூண் வரைக்கும் சும்மா நடந்து வாங்க. தூணைத் தாண்டாதீங்க. கேமராவைப் பார்க்காதீங்க" என்றான். அவள் தூக்கோடு நடந்தாள். சரியில்லை என்று மறுபடி நடக்கவிட்டார்கள். அதுவும் சரியில்லை என்று இன்னொரு தரம். தூக்கில் இருந்த குழம்பு பாதி சேலையில்தான். ராமதாஸ் அப்போது ஆபீஸ் அறையில் இருந்தார். டைரக்டருக்கு மின்விசிறி பிடுங்கிக் கொடுக்கச் சொல்லியிருந்தார் முதலாளி.

படம் உடனே வரவில்லை. பணம் போட்டவர் ஓடிவிட்டார் என்றார்கள், கதாநாயகி கல்யாணம் கட்டிக்கொண்டாள் என்றார்கள். எப்படியோ தொண்ணூற்றேழில் வெளிவந்தது. அதற்குள் வரலட்சுமி தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள். ராமதாஸ், அவள், குழந்தை சிநேகா, அண்டை வீட்டு முனியம்மா எல்லோரும் பஸ் ஏறிச் செங்கல்பட்டுத் தியேட்டருக்குப் போனார்கள். வரலட்சுமி தலைக்குக் குளித்து, அதே மயில்கழுத்துச் சேலையைக் கட்டியிருந்தாள்.

இடைவேளைக்கு முன்னால் அந்தக் காட்சி வந்தது. திரை நிறையப் பங்க். நட்டநடுவே ராமதாஸ் எழுதிய போர்டு, வயிறு பெருத்த ஆறோடு பளிச்சென்று நின்றது. பதினாறு ரூபாய்ச் சொச்சம். ஆனால் அன்றைக்கு வெளியே விலை இருபதைத் தாண்டியிருந்தது. ராமதாஸுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப் போயிற்று. எழுந்து நின்று, "பதினாறு ரூபாடா! நான் எழுதுனதுடா! போய் ரொப்பிகினு வாங்கடா!" என்று கத்தினார். தியேட்டரே சிரித்தது. எவனோ விசில் அடித்தான். அவர் உட்கார்ந்தபோது கடற்கரையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"பாத்தியாய்யா?" என்றாள் வரலட்சுமி. இருட்டிலும் அவள் முகம் மலர்ந்திருந்தது தெரிந்தது.

"பாத்தேனே! எய்த்து சோக்கா கீதுல்ல?"

"எய்த்து இல்லய்யா. என்ன பாத்தியா?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். மனுஷன் சொல்லவில்லை. "பாத்தேன்மே" என்றார்.

"எந்தப் பக்கத்துலேர்ந்து வந்தேன்?"

ராமதாஸ் இருட்டில் கையை நீட்டிக் காட்டினார். "பங்க் உள்ளேர்ந்து... இப்டிக்கா..."

அவள் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ்ஸில் முனியம்மாதான், "புளியமரத்துலேர்ந்து ராணி கணக்கா நடந்து வந்தியேடி" என்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். வரலட்சுமி சண்டை போட்டிருந்தால் தேவலை. சண்டைக்கு ஒரு முடிவு உண்டு. ராத்திரிச் சாப்பாட்டோடு போய்விடும். அவள் வழக்கம்போலச் சோறு போட்டாள், வழக்கம்போலப் பேசினாள். அவரோடு சினிமாவுக்குப் போவதை மட்டும் நிறுத்திக்கொண்டாள்.

மறுநாளே போய் இன்னொரு தரம் பார்த்திருந்தால் ஒழுங்கு. மலையில் திருவிழா, பங்கில் வண்டிக் கூட்டம், கேசவனுக்குக் காய்ச்சல். படம் எங்கே ஓடிப்போகப்போகிறது என்று நினைத்தார். வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் போனபோது தியேட்டர் வாசலில் வேறு போஸ்டர் ஒட்டியிருந்தது. திருக்கழுக்குன்றத்துக்கு வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தார், வரவில்லை. ஓடாத படத்தை எவன் எடுத்து ஓட்டுவான்?

பிறகு வீட்டுக்கு டிவி வந்தது, கேபிள் வந்தது. ராமதாஸ் வேலை முடிந்து வந்ததும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். படங்களில் பங்க் போர்டு தேடுகிறார் என்று தெருவில் எல்லோருக்கும் வேடிக்கை. "இன்னா அண்ணாத்த, இன்னிக்கு எவ்ளோவுக்குப் போட்ட?" என்று கேட்பார்கள். அவரும் ஈடுகொடுத்துச் சொல்வார். இந்தப் படம் விலை ஏறுவதற்கு முன்னால் எடுத்தது, அந்தப் படம் பெட்டியில் தூங்கி எழுந்து வந்தது என்று விளக்கமெல்லாம் கொடுப்பார். ஆரம்பத்தில் அதில் அவருக்கு நிஜமாகவே ருசி இருந்தது. போகப் போக அது ஒரு சாக்காகிவிட்டது. எந்த நாளாவது எந்தச் சேனலிலாவது அந்தப் பங்க் வரும், புளியமரத்தடியிலிருந்து அவள் வருவாள், ஒரே ஒரு தரம் கண்ணாரப் பார்த்துவிட வேண்டும். அதை அவளிடமே சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிறவளை விட்டுவிட்டுப் பெட்டிக்குள் தேடிக்கொண்டிருந்தார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்றால் வேறென்ன?

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் வரலட்சுமிக்குச் சர்க்கரை கண்ணில் இறங்கியது. முதலில் பஸ் நம்பர் தெரியவில்லை என்றாள். அப்புறம் பஸ்ஸே தெரியவில்லை என்றாள். செங்கல்பட்டுக்கும் சென்னைக்கும் அலைந்தார்கள். வெளிச்சம் எது இருட்டு எது என்பது வரைக்கும்தான் மிச்சம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இங்கே கெட்டது அவள் கண்; நமஸ்காரம் செய்துகொண்டிருந்தவர் இவர். அவளுக்கு மருந்து ஊற்றினார், தலை பின்னிவிட்டார், கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப்போனார். எல்லாம் செய்தார். அந்தப் பழைய பேச்சை மட்டும் எடுக்கவில்லை.

இரண்டாயிரத்து எட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பொத்தேரியில் ஒரு ஹாஸ்டல் ஆபீஸில் வேலை பார்த்த சிநேகா லீவுக்கு வந்திருந்தாள். டிவியைப் போட்டவள், "நைனா! அந்தப் படம்! மத்தியானம் போடறாங்களாம்!" என்று கத்தினாள். ராமதாஸ் கேசவனுக்குப் போன் செய்து, அன்றைய வேலையை அவன் தலையில் கட்டினார். படம் ஆரம்பித்ததும் வரலட்சுமி உரிக்கிற மொச்சைக்காயை முறத்தோடு எடுத்துக்கொண்டு, சுவரைத் தடவியபடி வந்து ராமதாஸின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தத் தியேட்டருக்கு அப்புறம் சினிமாவுக்கென்று அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

பெயர் போடும்போதே ராமதாஸுக்கு என்னமோ மாதிரி இருந்தது. கதாநாயகியின் பெயருக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் டிவிக்கு வெளியே நின்றன. பெட்டி ரிப்பேராக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

கார் வந்து நின்றது. ராமதாஸ் டிவிக்கு ஒரு முழம் தூரத்தில் போய்க் குந்தினார். இந்தத் தடவை அவர் கண் இடது ஓரத்தை விட்டு நகரவில்லை. புளியமரம் எங்கே? மரத்தைக் காணோம். தூண்? தூணையும் காணோம். வருவாள், இதோ வருவாள் என்று கண் இமைக்காமல் அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கதாநாயகன் சிரித்தான். கதாநாயகி சிரித்தாள். கடல் வந்துவிட்டது.

"ரெண்டு பக்கமும் வெட்டிட்டாங்க நைனா" என்றாள் சிநேகா மெதுவாக. "பெரிய ஸ்கிரீன் படம். டிவில கொள்ளாதுன்னு ஓரத்தல்லாம் வெட்டிட்டு நடுவுல இருக்கறத மட்டும் காட்டுவாங்க."

ராமதாஸ் குந்தியது குந்தியபடியே இருந்தார். முதல் தடவை முழுசாகக் காட்டினார்கள், அவர் பார்க்கவில்லை. இப்போது பார்க்கிறார், காட்ட ஆளில்லை. இனி யாரைப் போய்க் கேட்பது?

வரலட்சுமியின் கை மொச்சை உரிப்பதை நிறுத்தியது. "பாட்டு வந்துடுச்சே. நான் வந்தேனாய்யா?"

வந்தாய் என்று சொன்னால் அவளுக்குத் தெரியப்போவதில்லை. எந்தப் பக்கத்திலிருந்து என்பதைக்கூட இன்றைக்குச் சரியாகச் சொல்லிவிடலாம். சிநேகா அப்பாவின் முகத்தையே பார்த்தாள்.

"வரலமே" என்றார் ராமதாஸ். "நீ வரல. வெட்டிட்டானுங்க. அன்னிக்கும் நான் உன்னப் பாக்கலமே. பொய் சொன்னேன்."

"தெரியும்" என்றாள் அவள். ஒரு மொச்சைக்காயைத் தடவி எடுத்து, "சரி, போர்டாவது வந்துச்சா? எவ்ளோ போட்டுகினு கீது?" என்று கேட்டாள்.

ராமதாஸ் டிவியைத் திரும்பிப் பார்த்தார். கதாநாயகி அலையில் ஓடிக்கொண்டிருந்தாள்.

"பாக்கலமே" என்றார்.