அந்த அம்மாவின் கையிலாவது

போன மாசியில் என் மகள் நித்யா உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாமல் தவித்தேன். அண்ணாமலையாரை நம்புகிற உங்களிடம் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நித்யாவுக்குப் பெங்களூரில் வேலை. குளிர்காலத்தில் லீவு போட்டுவிட்டு இமாச்சலுக்குப் போய்விடுவாள். காலில் நீளப் பலகைகளை மாட்டிக்கொண்டு பனிமலை ஏறி, அதிலேயே சறுக்கி இறங்குவார்களாம். வாசலில் நின்றாலே அண்ணாமலை தெரிகிற வேங்கிக்காலில் வளர்ந்தவளுக்கு இன்னொரு மலை எதற்கு? அந்த மலைமேல் எனக்குப் பொறாமை.

அதைவிடப் பெரிய பொறாமை தாரா மேல். நித்யா அங்கே தங்குவது அந்த அம்மா வீட்டில்.

"தாராம்மா இருக்காங்கம்மா, எனக்கு ஒரு கொறையும் இல்ல" என்பாள்.

எனக்கு அதுதான் குறை. கார்த்திகை தீபத்து மையைப் பத்திரமாக மடித்து, மலை ஏறும்போது வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தனுப்பினேன். வீடியோவில் பார்த்தால், அது தாராவின் நெற்றியில் இருக்கிறது! அன்று நான் சாப்பிடவில்லை.

"உனக்குப் பனி பயமா, அந்த அம்மா பயமா?" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார்.

மறுநாள் நித்யாவும் நண்பர்களும் மேலே ஏறினார்கள். அன்று மாலையே அந்தப் பக்கம் பனிச்சரிவு என்று செய்தி வந்தது. அவள் போன் எடுக்கவில்லை. விடிந்தும் எடுக்கவில்லை. தேடப் போக வானிலை சரியில்லை என்றார்கள். வீட்டுக்காரர் போன்மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை. செருப்பில்லாமல் கிரிவலம் கிளம்பிவிட்டேன்.

அடி அண்ணாமலை கோயிலில் கை கூப்பினேன். என்ன கேட்டேன் தெரியுமா? "அவ குரலை அந்தம்மா கேக்கறதுக்கு முன்னாடி நான் கேக்கணும்." குழந்தை பனிக்குள் கிடக்கிறாளோ என்னவோ, நான் இதையா கேட்பது? உடம்பு கூசியது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். "அப்பா, என் கைக்கு வரலன்னாலும் பரவால்ல. அந்தம்மா கையிலாவது கொண்டு சேர்த்துடு" என்றேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் என் உயிரே போய்விட்டது.

குபேர லிங்கம் தாண்டும்போது போன் அடித்தது. தாரா. இந்தியில் ஏதோ சொல்லிச் சொல்லி அழுதாள். ஒன்றும் புரியவில்லை. அந்த அழுகையைக் கேட்டு ரோட்டோரம் அப்படியே சரிந்தேன்.

பிறகு, "அம்மா, நான்தான். ராத்திரி ஆடு மேய்க்கறவங்க குடிசையில தங்கிட்டு, இப்பதான் தாராம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். முழங்கால்லதான் அடி. நீ அழாத, இவங்கள சமாதானப்படுத்தவே முடியல" என்றாள் நித்யா.

நான் கேட்டபடியே கொடுத்தார். அந்த அம்மாவின் கையில்தான் கொடுத்தார். தாராவின் மடியில் தலைவைத்துக்கொண்டுதான் என் மகள் என்னிடம் பேசினாளாம்.

நித்யாவுக்குக் கால் சரியாகிவிட்டது. வரும் குளிர்காலத்தில் மறுபடி போகிறாளாம். நான் தடுக்கவில்லை. இப்போது பௌர்ணமிதோறும் சுற்றுகிறேன். தாராவுக்காக முதலில் வேண்டிக்கொண்டு, பிறகுதான் என் மகளுக்காக. தாராவின் பெயரைச் சொல்லும்போது இன்னமும் வயிறு எரிகிறது. எரிந்தாலும் சொல்கிறேன்.

மனசு சுத்தமாகட்டும், அப்புறம் கும்பிடலாம் என்று யாரும் காத்திருக்காதீர்கள். பொறாமையோடு இருந்தால் பொறாமையோடே போய் நில்லுங்கள். என்னையே தள்ளாதவர் உங்களைத் தள்ளமாட்டார்.