குழாய்க்குள்ள தட்டினது யாரு?

பேய்க்கதை பேசுறவங்க பக்கத்துல நான் உக்காரவே மாட்டேன். எங்க தாமான் குடியிருப்புல யாராவது செம்பனைக் காட்டுல வெள்ளையா ஒண்ணு நின்னுச்சுன்னு ஆரம்பிச்சா, "லோரி லைட்டா இருக்கும் லா"ன்னு சொல்லி கோப்பியைக் குடிச்சு முடிச்சுட்டுக் கிளம்பிடுவேன். பூமியில ஓட்டை போடுறது என் பிழைப்பு, கைக்கு என்ன வருதோ அதைத்தான் நம்புவேன். அப்படிப்பட்ட நானே சொல்றேன், நம்பினாலும் சரி, நம்பாட்டியும் சரி, நடுவுல மட்டும் சிரிக்காதீங்க.

முதல்ல எங்க வேலையைச் சொல்லிடுறேன். பெரிய கட்டடம் கட்டுறதுக்கு முன்னாடி அடியில என்ன இருக்குன்னு பார்க்கணும் இல்லையா, அதுக்கு மெஷினை நிறுத்தி, இரும்புக் குழாயை இறக்கி, ஆழமா துளைச்சு, உள்ள இருக்கிற கல்லை உருளை உருளையா வெளிய எடுப்போம். எடுத்ததை மேலேருந்து கீழ வரைக்கும் வரிசை மாறாம மரப்பெட்டியில அடுக்கணும். மெஷினை ஓட்டுறவர் குணா மச்சான், என் அக்கா புருஷன். நான் தண்ணி பம்ப்பைப் பார்த்துக்குவேன். அந்தச் சத்தத்துல மனுஷக் குரல் கேட்காது, அதனால பம்ப்பை நிறுத்தச் சொல்லணும்னா மச்சான் ஸ்பேனரால குழாயில தட்டுவார், டக்டக்குனு சேர்த்து ரெண்டு, கொஞ்சம் விட்டு ஒண்ணு. அவர் எதுல தட்டினாலும் அப்படித்தான், வீட்டுக் கதவா இருந்தாலும் கடை மேசையா இருந்தாலும் டக்டக்... டக். அதைக் கேட்டா என் கை தானா சுவிட்சுக்குப் போயிடும்.

அன்னைக்கு சைட்டு சிம்பாங் அம்பாட் பக்கம், செம்பனையை வெட்டித் தள்ளின ஒரு பழைய தோட்டத்து நிலம். சிவப்பு மண்ணு, களிமண்ணு எல்லாம் தாண்டினதும் வெள்ளையா கல்லு வர ஆரம்பிச்சுது. கல்லைப் பத்திப் படிச்ச ஒரு பொண்ணு கம்பெனியிலேருந்து வந்திருந்தாங்க, நாங்க மிஸ்னுதான் கூப்பிடுவோம். அவங்க உருளையைக் கையில எடுத்துப் பார்த்ததும் முகமே மாறிடுச்சு.

"இது சுண்ணாம்புக்கல்லு. ஈப்போ பக்கம் மலையா நிக்கும், இங்க மண்ணுக்கு அடியில ஒளிஞ்சிருக்கு பாருங்க"ன்னாங்க. "ஒரு காலத்துல இது கடலு. சேறும் சிப்பியும் ஒண்ணு மேல ஒண்ணா படிஞ்சு இறுகி அடுக்கு அடுக்கா கல்லாயிருக்கு. கீழ போகப் போக பழசு."

"எவ்வளவு பழசு மிஸ்?"

"மனுஷனே இல்லாத காலம்."

உண்மையைச் சொன்னா எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. இத்தனை வருஷமா கல்லை எடுத்துப் பெட்டியில போட்டிருக்கேன், அது என்னன்னு ஒரு நாள் கேட்டதில்ல. மிஸ் மதியம் வேற சைட்டுக்குக் கிளம்பும்போது, "இந்தக் கல்லுக்குள்ள பொந்து இருக்கும், கவனம்"னு சொல்லிட்டுத்தான் போனாங்க.

மச்சான் அவசரத்துல இருந்தார். அக்காவுக்கு ஒன்பதாம் மாசம், தலைப்பிரசவம், புலாவ் செபாங்கில வீட்டுல தனியா இருக்கு. இன்னைக்கே குழியை முடிச்சுட்டா நாலு நாள் லீவு போட்டுடலாம்னு மனுஷன் சாப்பிடக்கூட இறங்கல. சாயங்காலம் போல திடீர்னு துளைக்கிற ராடு சரக்குன்னு கீழ இறங்குச்சு. உள்ள விட்ட தண்ணி பால் மாதிரி மேல வந்துக்கிட்டு இருந்தது, அதுவும் நின்னு போச்சு. சரி, மிஸ் சொன்ன பொந்துதான்னு நினைச்சு எல்லாத்தையும் நிறுத்தினோம். மெஷின் ஆஃப், பம்ப் ஆஃப். காது அப்படியே அடைச்ச மாதிரி ஆயிடுச்சு.

அப்பத்தான் கேட்டுச்சு. டக்டக்... டக்.

என் கை சுவிட்சுக்குப் போயிடுச்சு. போன பிறகுதான் உறைச்சுது, பம்ப்தான் ஏற்கனவே நின்னுடுச்சே! திரும்பிப் பார்த்தா, மச்சான் குழிக்கு அந்தப் பக்கம் பலகை மேல நின்னு அண்ணாந்து தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்கார். ஸ்பேனர் எங்க தெரியுமா, என் காலடியில, டூல் பாக்ஸ்ல கிடக்கு. மறுபடியும் டக்டக்... டக். போயி குழாய்ல உள்ளங்கையை வச்சேன். கீழேருந்து ஏறி வருது, கையில தெரியுது. சத்தியமா சொல்றேன், மேல யாரும் தட்டல.

"மச்சான், கேக்குதா?"

அவர் பாட்டிலை இறக்கினார். அவருக்கும் கேட்டுச்சுன்னு மூஞ்சியைப் பார்த்தாலே தெரிஞ்சுது. ஆனா ஒத்துக்கணுமே. "உள்ள கல்லு உதிருது லா. அடுத்த ராடைக் கொண்டா."

"அது உங்க தட்டு மச்சான். நிறுத்தச் சொல்ற தட்டு."

"நான்தான் இங்க நிக்கிறேனே, மடையா! கொண்டான்னா கொண்டா, உன் அக்கா காத்துக்கிட்டு இருக்கும்."

மூணாவது தடவை தட்டு அவசர அவசரமா வந்துச்சு, விடாம. இந்த மனுஷன் சொன்னா இறங்குற ஆளும் இல்ல. என்ன செய்யறதுன்னு தெரியாம போனைக் காதுல வச்சு, "மச்சான்! அக்காவுக்கு வலி வந்துருச்சாம்!"னு ஒரே கத்து கத்தினேன். பச்சைப் பொய்.

பாட்டிலை வீசிட்டு ஓடினார் பாருங்க, மரத்தடியில நின்ன காரைப் பார்த்து! நானும் பின்னாலேயே ஓடினேன். காரைத் தொட்டிருக்க மாட்டோம், பின்னாடி தொம்முன்னு ஒரு சத்தம். மெஷின் ஒரு பக்கமா சாயுது, அது நின்ன மண்ணு அப்படியே உள்வாங்குது, மச்சான் நின்ன பலகையும் சேர்ந்து போயிடுச்சு. எட்டிப் பார்த்தா கலங்கின தண்ணி மட்டும்தான். மச்சான் அதைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், "அக்காவுக்கு என்னடா ஆச்சு?"ன்னு கேட்கிறார். பொய்ன்னு சொன்னேன். பளார்னு ஒண்ணு விட்டார், அப்புறம் என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. நான் தேம்பித் தேம்பி அழுதுட்டேன், இதுல வெட்கப்பட என்ன இருக்கு.

சரி, உள்ள கல்லு உதிர்ந்ததுதான் அப்படிக் கேட்டுச்சுன்னு நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கிட்டேன். மறுநாள் மிஸ் வந்தாங்க. கல்லுப் பெட்டிங்க தள்ளி கூடாரத்துல இருந்ததால தப்பிச்சுது. போட்டோ எடுக்கணும், கழுவி வைங்கன்னாங்க. சுண்ணாம்புக்கல்லு சேறு போயி ஈரமானாத்தான் உள்ள இருக்கிற அடுக்கு தெளிவா தெரியும். ஒரு வாளித் தண்ணியை ஊத்தினேன்.

வெள்ளைக் கல்லுல மெல்லிசா கறுப்புக் கோடு. ஒட்டி ஒட்டி ரெண்டு, கொஞ்சம் விட்டு ஒண்ணு. அதுக்குக் கீழ ஒட்டி ரெண்டு, விட்டு ஒண்ணு. அடுத்த பெட்டி, அதுக்கடுத்த பெட்டி, சுண்ணாம்புக்கல்லு தொடங்கின இடத்துலேருந்து பொந்து வரைக்கும் அப்படியேதான்.

"இவ்வளவு ஒழுங்கா நான் பார்த்ததே இல்ல!"ன்னு மிஸ்ஸுக்கு ஒரே சந்தோஷம், படமா எடுத்துத் தள்ளினாங்க. நானும் என் போன்ல ஒரு படம் எடுத்து வச்சுக்கிட்டேன்.

அக்காவுக்கு அடுத்த வாரமே பொண்ணு பிறந்துச்சு. பார்க்கப் போயிருந்தேன், மச்சான் குழந்தையைத் தோள்ல போட்டு முதுகைத் தட்டித் தூங்க வச்சுக்கிட்டு இருந்தார். சேர்த்து ரெண்டு, விட்டு ஒண்ணு.

"இப்படித் தட்ட எங்க மச்சான் பழகினீங்க?"ன்னு கேட்டேன்.

"நான் எங்கடா பழகினேன்? சின்ன வயசுலேருந்தே கை தானா இப்படித்தான் போகுது. யார்கிட்டேருந்து வந்துச்சோ, யாருக்குத் தெரியும்"னு சொல்லிட்டுக் குழந்தையைப் பார்த்துச் சிரிச்சார்.

கல்லுப் படம் அப்போ என் சட்டைப் பையில, போன்லதான் இருந்துச்சு. இன்னைக்கு வரைக்கும் அவருக்குக் காட்டல.