ஓட்டைக்காலணா கோத்த மாலை

பிளவக்கல்லுக்கு மேலே மலையில் பிறந்த பளிச்சி நான், பளியர் சாதிப் பெண். அதைச் சொல்ல எனக்கு என்றுமே நாக்குக் கூசியதில்லை. மாமியாராக வரப்போகிறவருக்குத்தான் கூசியது.

இரண்டாவது உலகச் சண்டைக் காலம். ராஜபாளையத்து மில்லில் மிசின் பழுது பார்க்கும் பிட்டராக இருந்தவருக்கு என்னைப் பேசி முடித்து, மாதா கோயிலில் மூன்று ஞாயிறும் கல்யாண ஓலை வாசித்தாயிற்று. கல்யாணத்துக்கு முந்தின நாள் அவருடைய அம்மா, ஸ்ரீவில்லிபுத்தூரில் நானும் அப்பாவும் தங்கியிருந்த குடிசைக்கு வந்தார்.

"ஏட்டி, அந்தக் காட்டு மாலையக் கழட்டிப்போட்டுட்டு கோயிலுக்கு வா. எங்க ஆளுக முன்னால மலைச்சாதின்னு தமுக்கடிக்கணுமா? முடியாதுன்னா இந்தக் கல்யாணமே வேண்டாம்."

செத்துப்போன என் அம்மா கோத்த மாலை அது. அப்பா என் கையைப் பிடித்து அடக்கப் பார்த்தார். நான் அடங்குகிற ஆளா? மாலையைத் தூக்கிப் பிடித்து ஒவ்வொன்றாகக் காட்டினேன்.

"அத்தை, இந்தப் பித்தளைக் குண்டு இந்த ஊருப் பாத்திரக்கடையில தேனுக்கு மாத்துனது. இந்த அலுமினிய வளையம் எஸ்டேட்டுல ஒடஞ்ச தட்டுலருந்து வெட்டுனது. செவப்புப் பாசி எந்தச் சீமையில செஞ்சதோ, வடக்கத்தி யாவாரி கொண்டாந்தான். நடுவுல கெடக்குற ஓட்டைக்காலணா நான் கோத்தது. வெள்ளைக்கார ராசா கிரீடம் போட்டிருக்கு. இதுல காடு எங்க இருக்கு?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காதில் தண்டட்டி ஆடியது. தண்டட்டி செய்வதை நான் பார்த்திருக்கிறேன். அப்பா மலையில் எடுத்த அரக்கை நகை செய்யும் பத்தர் பட்டறையில்தான் கொடுப்பார். பத்தர் அதை உருக்கி, தங்கத் தகட்டுக் கூட்டுக்குள் ஊற்றி நிரப்புவார்.

"ஒங்க தண்டட்டிக்கு மேல் தகடுதான் தங்கம். உள்ள அம்புட்டும் அரக்கு. எங்க அப்பா மரமேறிச் சொரண்டுனது. காட்டக் கழட்டணும்னா மொதல்ல நீங்க கழட்டுங்க. பொறவு நான் கழட்டுதேன்."

அவர் கை தானாகக் காதுக்குப் போனது. எழுந்து போய்விட்டார்.

சொல்லிவிட்டேனே தவிர, கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பிட்டரை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. ராத்திரி முழுக்க அழுதேன். ஆனாலும் மாலையைக் கழற்ற மனம் வரவில்லை.

மறுநாள், அவர்கள் வருவார்களா என்பதே தெரியாமல், மாலையோடு கோயிலுக்குப் போனேன். மாப்பிள்ளை எனக்கு முன்பே வந்து நின்றார். முதல் வரிசையில் அவருடைய அம்மா உட்கார்ந்திருந்தார். காதில் தண்டட்டி ஆடிக்கொண்டிருந்தது.