சோத்துக்கை பிடித்த கயிறு

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இரண்டு தரம் இடம்பெயர்ந்து, வெறுங்கையோடு திரும்பிவந்து கொழும்புத்துறையில் படகுப் பட்டறை போட்டேன். மாடி வீடு கட்டினேன். கடைசியாக, மலையே இல்லாத யாழ்ப்பாணத்தில் பட்டறைக்குப் பக்கத்தில் பாறை ஏறிப் பழகும் சுவர் ஒன்றை எழுப்பினேன். வள்ளத்துக்கு ஊற்றும் அதே றெசின் பிசினில்தான் சுவரில் பற்றி ஏறும் பிடிகளை வார்த்தேன்.

கவிழ்த்த வள்ளத்தின் உட்புறம் போல முன்னுக்குச் சரிந்த சுவர். அதன் நடுவில் ஒரு வழி. விரல் நுனிக்கு மட்டுமே இடம் தரும் பிடிகள். கொழும்பிலிருந்து வந்த கெட்டிக்காரர்களும் பாதியில் விழுந்தார்கள். முதலில் ஏறி முடிப்பவரே வழிக்குப் பெயர் வைக்கலாம் என்பது இந்த விளையாட்டின் வழக்கம். என் மகள் றெஜினா ஏறுவாள். கீழே நின்று கயிறு பிடிப்பவன் நான். அவள் விழும்போது தாங்குவது என் வலக்கை, சோறு தின்னும் சோத்துக்கை.

ஒருநாள் அவள் கடைசிப் பிடிக்குக் கை நீட்டினாள். என் கையில் கயிறு இருப்பதே எனக்குத் தெரியவில்லை. குனிந்து பார்த்தேன், விரல்கள் விரிந்து கிடந்தன. அவள் விழுந்தாள். கயிறு ஓடினால் தானே இறுகும் பூட்டு ஒன்று என் இடுப்பில் இருந்தது; அது கயிற்றைக் கவ்வியது. அவள் அந்தரத்தில் தொங்க, நான் நிலத்தில் சரிந்தேன்.

"அப்பா! கதையுங்கோ அப்பா!"

பட்டறை ஆட்கள் அவளை இறக்கினார்கள். சேட்டு மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். என் மனைவி திரேசம்மா விடவில்லை. வாசிக்கிறவர்களே, கை திடீரென்று சோர்ந்தால் உடுப்பு மாற்ற நிற்காதீர்கள்.

பக்கவாதம் (மூளைக்குப் போகும் இரத்தம் அடைபட்டு, உடம்பின் ஒரு பக்கம் வலுவிழப்பது) என்றார் டொக்டர்.

"நேரத்துக்குக் கொண்டந்தபடியால் தப்பினீங்கள், ஐயா. கை வரும். கெதியாய் வராது, மாசக்கணக்கு எடுக்கும்."

"நான் புயலுக்கு நிண்டுபிடிக்கிற வள்ளம் செய்தவன், டொக்டர்."

"வாய்க்கு ஒண்டும் நடக்கேல்லை," என்றாள் திரேசம்மா. "இவரை வீட்டுக்கு விடுங்கோ, டொக்டர்."

வீட்டில் றெஜினா சோறு ஊட்டினாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கைப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரியில் தந்த றப்பர் பந்து உருண்டு போய்க்கொண்டே இருந்தது. அவள் பழைய கயிற்றில் ஒரு துண்டு வெட்டி என் உள்ளங்கையில் வைத்தாள்.

"கயிறு ஆர் பிடிச்சாலென்ன, பிள்ளை? நீ ஏறு."

"ஏறலாம் அப்பா. ஆனா உங்கடை கை இல்லாமல் எனக்கு விழத் தெரியாது."

விழப் பயந்தவளின் விரல், இருக்கிற பிடியை விட்டு அடுத்ததற்குப் போகாது. அது எனக்குத் தெரியும். அன்றிலிருந்து அந்தக் கயிற்றுத் துண்டை நான் கீழே வைக்கவில்லை.

மாரி மழை முடிந்தபின், பின்னால் இன்னொருவர் துணைக்குப் பிடிப்பதானால் நான் மறுபடி கயிறு பிடிக்கலாம் என்றார் டொக்டர். திரேசம்மா கயிற்றின் மிச்சத்தைப் பிடித்தாள். "நீங்கள் அவளைப் பிடியுங்கோ. நான் உங்களைப் பிடிக்கிறன்."

றெஜினா பாதி ஏறி, வேண்டுமென்றே கையை விட்டாள். கயிறு விறைத்தது. என் விரல் விரியவில்லை. மேலே தொங்கிக்கொண்டு அவள் சிரித்தாள், சின்னப்பிள்ளை போல. அடுத்த கிழமை உச்சியைத் தொட்டாள். வழிக்குச் 'சோத்துக்கை' என்று பெயர் வைத்தாள்.

இன்றும் என் விரல்கள் எனக்குப் பிறகுதான் விழிக்கின்றன. முன்பு கையை ஓர் ஆயுதமாக நினைத்தேன். இப்போது, மெல்ல நடந்து வருகிற ஒருவருக்காகக் காத்திருப்பது போல அதற்காகக் காத்திருக்கிறேன். விரல்கள் தேநீர்க் கோப்பையைச் சுற்றி மூடும்போதுதான் எனக்கு விடிகிறது.

போன மாதம் கொழும்புக்காரர் ஒருவர் அந்த வழியை இரண்டாவதாக ஏறி, வீடியோ போட்டார். அவருடைய பெயர் இருந்தது, மகளுடைய பெயர் இருந்தது. சோத்துக்கை யாருடையது என்று ஒரு வரிகூட இல்லை. இனி எழுதுகிறவர்கள் முழுதாக எழுதுங்கள்: முதலில் ஏறியவர் றெஜினா. கயிறு பிடித்தவர் தகப்பன் சவிரிமுத்து. அவரைப் பிடித்தவர் திரேசம்மா.