மேட்டு கேட்டிலிருந்து பதில் இல்லை

எங்கள் வீட்டில் யாரும் மெதுவாகப் பேசியதே கிடையாது. ரகசியத்தைக்கூட அடுத்த லயத்து வீடுகளுக்கெல்லாம் கேட்கிற மாதிரிதான் சொல்வோம். பக்கத்து வீட்டுப் பெரியப்பா வந்து உட்கார்ந்துவிட்டாலோ கேட்கவே வேண்டாம், சந்தைக்கடைதான். உலகத்தில் எல்லா வீடும் இப்படித்தான் இருக்கும் என்று நான் நிம்மதியாக நம்பிக்கொண்டிருந்தேன்.

பெரியப்பா அப்பாவின் அண்ணன். பெரியம்மா போன பிறகு தனிக்கட்டை. மலேசியாவில், சிரம்பான் பக்கத்துச் சுவா ஊருக்கு உள்ளே இருந்த எங்கள் செம்பனைத் தோட்டத்தில், எண்ணெய் மில்லின் பாய்லர் பக்கத்தில் இருபது வருஷம் நின்றவர். கால் எலும்பு முறிந்து சரியாகக் கூடாமல் போனதும், அவரைத் தோட்டத்து மேட்டிலிருந்த வாசலுக்கு, மேட்டு கேட்டுக்கு, காவலாக அனுப்பிவிட்டார்கள். செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் அந்த வழியாகத்தான் போகும், திருட்டுக் குலையும் அந்த வழியாகத்தான் போகும்.

பள்ளிக்கூடம் விட்டதும் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோவது என் வேலை. மேட்டில் எந்நேரமும் ஒரு மயக்கம் இருக்கும். செம்பனை ஓலைகளுக்குள் வெயில் புகுந்து தரையில் பச்சையாக விழும். கீழே லயங்களின் தகரக் கூரைகள் மிதப்பது போலத் தெரியும். பெரியப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே நான் சொல்வதைக் கேட்பார். அம்மா அரிசி களைந்துகொண்டே கேட்பாள், அப்பா பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டு கேட்பார். என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டவர் பெரியப்பா ஒருவர்தான். அதனால் அவரிடம்தான் நான் அதிகம் பேசினேன், மற்றவர்களிடம் சொல்ல முடியாததையெல்லாம் சேர்த்து.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம் ஆபீசுக்கு மூன்று பழைய வாக்கி-டாக்கிகள் வந்தன. மூடிவிட்ட வேறொரு தோட்டத்தில் கிடந்தவை. செங்கல் கனம், செங்கல் நிறம்கூட. அப்பா தோட்டத்து வயர்மேன் என்பதால் அவற்றை உயிர்ப்பிக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. கூடவே ஒரு செய்தியும் வந்தது. கேட்டுகளுக்கு வெளியிலிருந்து கூலிக்குக் காவல்காரர்களைப் போடலாமா என்று துரை யோசிக்கிறாராம். ஒரு வாரம் மேட்டு கேட்டிலிருந்து வாக்கியில் ஒழுங்காகப் பதில் வந்தால் பெரியப்பாவே இருக்கலாம், வராவிட்டால் வேலை போகும். வேலை போனால் லயத்து வீடும் போகும், அது தோட்டத்துச் சட்டம்.

அப்பா வொர்க்‌ஷாப்பில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தார். இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்திக்கொண்டே செட்டின் சுவிட்சைத் திறக்க வேண்டும். பிறகு கேட்பதற்கு ஓர் எண், பேசுவதற்கு ஓர் எண். ஒன்று பிசகினாலும் திரையில் எழுத்துகள் மின்னி, மூன்று முறை கீச்சென்று கத்தும். ஆபீஸ் தாளில் இருந்த எண்களை நான்தான் வாசித்தேன். ஒருமுறை இரண்டு எண்களை இடம் மாற்றி வாசித்துத் தொலைத்தேன். இரைச்சலுக்கு நடுவே எங்கிருந்தோ ஒரு மலாய்ப் பெண்ணின் குரல் வந்தது. வண்டி நம்பர்களை ஒவ்வொன்றாக, தாலாட்டுவது போலச் சொல்லிக்கொண்டே போனாள். அப்பா அந்த எண்ணை அழிக்க மறந்து கன்னத்தில் கைவைத்துக் கேட்டார். அந்தக் குரல் கடலுக்குள்ளிருந்து வருகிறது என்று நான் முடிவுகட்டிக்கொண்டேன்.

முதல் நாள் கேட்டது, பேச முடியவில்லை. பேசும் எண்ணைத் தப்பாகப் போட்டிருந்தோம், திருத்தினோம். இரண்டாம் நாள் பேட்டரியைக் கழற்றிச் சார்ஜ் போட்டதும் போட்ட எண்ணெல்லாம் மறந்துபோனது. உள்ளே ஞாபகத்துக்கென்று இருந்த பொட்டு பேட்டரி செத்திருந்தது. அப்பா புதிதாக ஒன்று வாங்கி ஈயம் வைத்துப் பற்றவைத்தார். மூன்றாம் நாள் வொர்க்‌ஷாப்பிலிருந்து ஆபீசுக்குக் கணீரென்று கேட்டது. எங்கப்பா மாதிரி ஆள் சிரம்பானிலேயே இல்லை என்று வகுப்பில் போய்ப் பீற்றிக்கொண்டேன்.

ஆனால் மேட்டு கேட்டிலிருந்து பதில் இல்லை. அப்பா மோட்டார் சைக்கிளில் மேலே போய்ப் பேசினார், நன்றாகக் கேட்டது. செட்டைப் பெரியப்பா கையில் கொடுத்துவிட்டுக் கீழே வந்து கூப்பிட்டார், மூச்சே இல்லை. திரும்பவும் மேலே, திரும்பவும் கீழே. மூன்றாவது தடவை மேலே போனவர் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. ஈயம் பற்றவைத்த புகையாக இருக்கும் என்று நினைத்தேன்.

அதன் பிறகு அப்பா செய்தது எனக்கு விளங்கவே இல்லை. அழைப்பு வந்தால் செட்டின் தலையில் பச்சையாக ஒரு பொட்டு விளக்கு எரியும். அதைப் பிடுங்கிவிட்டு, பெரியதாக ஒன்றை வைத்துப் பற்றவைத்தார். பேசாத வாக்கிக்கு விளக்கு எதற்கு? மூக்கறுந்தவளுக்கு மூக்குத்தி மாதிரி. ஒரு மணிக்கொரு தரம் கூப்பிட்டால் போதும் என்று ஆபீஸ் கணக்கப்பிள்ளையான பெரிய கிராணியிடம் போய்க் கெஞ்சிவிட்டும் வந்தார். காலையில் கூப்பிட்ட உடனே, "மேட்டு கேட்டு, எல்லாம் நல்லபடி!" என்று பெரியப்பா குரல் வந்தது. அப்பா சின்னப் பையன் மாதிரிக் கை தட்டினார். மத்தியானம், உச்சி வெயில் கண்ணைக் கூசவைக்கும் நேரத்தில், மறுபடியும் பதில் இல்லை.

இப்படியே மூன்று நாள். நாலாம் நாள் பெரிய கிராணி வொர்க்‌ஷாப்புக்கே வந்துவிட்டார்.

"என்னாப்பா, காலையில பேசுது, மத்தியானம் செத்துப் போவுது. பேயா பிசாசா?"

"புரோகிராம் எரர் லா, கிராணி. சூட்டுல நம்பர் ஓடிப் போயிடுது. நான்தான் எங்கயோ தப்பாப் போட்டிருக்கேன்" என்றார் அப்பா.

எனக்குப் பொறுக்கவில்லை. அன்று மத்தியானம்தான் நான் சாப்பாடு கொண்டுபோன இடத்தில் அந்தச் செட்டை எடுத்துப் பேசியிருந்தேன். ஆபீஸ் பையன் பதில் சொல்லியிருந்தான். எங்கப்பா போட்ட எண்களைத் தப்பு என்று எங்கப்பாவே சொல்வதா?

"செட்டு நல்லாத்தான் இருக்கு கிராணி. நான் பேசுனேன், நல்லாக் கேட்டுச்சு. பெரியப்பாதான் எடுத்துப் பேச மாட்டேங்கிறாரு" என்றேன்.

வொர்க்‌ஷாப்பில் அரம் ராவிக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டார். அப்பா சிரித்தார். அப்படியொரு கேவலமான சிரிப்பை நான் அவரிடம் பார்த்ததில்லை. "சின்னப் புள்ள, கிராணி. அதுக்கு என்னா தெரியும்? தப்பு என்னுதுதான்" என்றார். கிராணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "வேலை தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். படியேறும்போது, "இனிமே ஆபீஸ்காரங்க முன்னாடி நீ பேசக் கூடாது" என்றார். உண்மையைச் சொன்னதற்கு இந்தப் பரிசா! எனக்குக் கோபமான கோபம். அன்றிரவு சாப்பிடாமல் படுத்தேன். அம்மாவும் வந்து எழுப்பவில்லை, அது இன்னும் கோபம்.

மறுநாள் மேட்டுக்குப் போனதும் பெரியப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அப்பா பொய் சொல்கிறார், கிராணி அப்பாவை வேலை தெரியாதவர் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார், அப்பா அதற்கும் இளிக்கிறார். பெரியப்பா வழக்கம் போல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதிச் சோற்றில் கை நின்றுவிட்டது. மடியில் கிடந்த செட்டில் அந்தப் பெரிய பச்சை விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது, கிராணி குரல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அவர் குனிந்து பார்க்கவில்லை.

"ஒங்கப்பன் மாதிரி வேலை தெரிஞ்சவன் யாரும் இல்ல, கண்ணு" என்றார்.

கை கழுவினார். செட்டை எடுத்துக்கொண்டு, கேட்டைப் பூட்டிவிட்டு, காலை இழுத்து இழுத்து ஆபீசை நோக்கி இறங்கினார். தூக்குச் சட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னாலேயே வந்தேன். ஆபீசுக்குள் அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரத்தில் கிராணி வெளியே வந்து, வொர்க்‌ஷாப் இருந்த திசையைப் பார்த்துக்கொண்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

மாதக் கடைசியில் பெரியப்பா கிளம்பினார். கோலா பிலாவில் சின்னதாக ரப்பர் தோட்டம் வைத்திருந்த ஒரு தூரத்துச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறாராம். ஒரு கட்டில், ஒரு பெட்டி, அவ்வளவுதான் லோரியில் ஏறின. அப்பா கட்டிலைக் கயிறு போட்டுக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடியும் கட்டினார். பெரியப்பா என்னைத் தேடி வாசலுக்கு வந்தார். நான் வெளியே போகவில்லை. அவர் போகும்முன் கடைசியாக ஒருமுறை உள்ளே பார்த்தபோதுதான், "போவாதீங்க பெரியப்பா" என்றேன். அழுகையில் கத்தியே சொன்னேன். அவர் நிற்கவில்லை. லோரியில் ஏறிப் போய்விட்டார்.

அதை நான் மன்னிக்கவே இல்லை. கூப்பிட்டும் நிற்காத மனிதர். அடுத்த தீபாவளிக்கு வந்திருந்தார், ஒரு பிஸ்கட் டின்னோடு. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் வரை என் எதிரே உட்கார்ந்து, நான் வாயைத் திறப்பேனா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை, போய்ச் சேர்ந்த செய்திதான் வந்தது.

கல்யாணமாகிச் சிரம்பானுக்குப் போன புதிதில், "இந்தப் பொண்ணு ஏன் இப்படிக் கத்துது?" என்று மாமியார் கேட்டாராம். அதை அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. "பெரியப்பாவுக்காகப் பழகுனது. மில்லு பாய்லர் அவரு காதைத் தின்னுருச்சே, ஒனக்குத் தெரியாதா? கிட்ட நின்னு கத்துனா ஏதோ சத்தம்னு தெரியும். மத்ததெல்லாம் நம்ம வாயைப் பாத்துத்தான் வெளங்கிக்குவாரு" என்றாள்.

அம்மா அதோடு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். என் மனசோ பெரியப்பா கிளம்பிய அந்த நாளின் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. பெரியப்பா போகும்போது நான் கத்தித்தான் சொன்னேன். ஆனால் அழுகிற முகத்தை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று, கதவுத் திரையை இழுத்து முகத்தை அதற்குள் புதைத்துக்கொண்டு சொன்னேன்.